சட்டத்தைக் கல்விப் பொருளாக்கிய சர் வில்லியம் பிளாக்ஸ்டன்

உலகிலே மக்களை ஆளும் சட்டங்கள் பலவாயினும், அவற்றுள் ஒருவனுடைய உடலையும் மானத்தையும் உயிரையும் ஒருங்கே தன் கைப்படுத்த வல்லது குற்றச் சட்டம் ஒன்றேயாம். நிலவழக்கில் தோற்றவன் நிலத்தை இழப்பான். கடன்வழக்கில் தோற்றவன் பொருளை இழப்பான். குற்றவழக்கில் தோற்றவனோ சிறை புகுவான். சிலபொழுது உயிரையும் இழப்பான். இத்துணை வலிமை வாய்ந்த ஒன்றைக் கற்றற்கு ஓரிடமும், கற்பித்தற்கு ஓராசிரியனும், கையிலெடுத்துப் படித்தற்கு ஒரு நூலும் இல்லையாயின், அதற்கு அடங்கி வாழும் குடிகளின் நிலை யாதாகும்?

இக்காலத்தில் நம் பிள்ளைகள் சட்டக் கலாசாலை புகுந்து, குற்றச் சட்டத்தையும் குற்ற விசாரணை முறையையும் பாடமாக ஓதிப் பட்டம் பெறுகின்றனர். இஃது என்றும் உள்ள வழக்கமென்று எண்ணற்க. சற்றேறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன்னர், இங்கிலாந்தின் சர்வகலாசாலை எதனிலும் அந்நாட்டுச் சட்டம் கற்பிக்கப்பட்டதில்லை. அக்குறையை நீக்கியவர் ஓர் அநாதைச் சிறுவராய் வளர்ந்து, வக்கீல் தொழிலில் பேர்பெறாது, பின்னர் ஆசிரியராய் உயர்ந்த சர் வில்லியம் பிளாக்ஸ்டன் என்பவர். அவருடைய சரித்திரத்தை நம் சங்க அன்பர்களும், அவர்தம் மக்களும் அறிந்து பயன்கொள்ளுமாறு ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

பிறப்பும் இளமையும்

பிளாக்ஸ்டன் 1723-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் நாள் லண்டன் மாநகரத்துச் சீப்சைடு என்னும் கடைவீதியிலே பிறந்தார். தந்தையார் சார்லஸ் என்பவர் பட்டு வணிகர். மகன் பிறக்கு முன்னரே அவர் இறந்துபோனார். தாயார் மேரி அம்மையார் பிள்ளைகளைப் பேணி வளர்த்து வந்தார். வில்லியத்துக்குப் பன்னிரண்டு வயதளவில் அவ்வம்மையாரும் உலகவாழ்வை நீத்தனர். தந்தையின் முகத்தை ஒருநாளும் கண்டறியாத சிறுவன் தாயையும் இழந்து நின்றபொழுது, ஆதரவளித்தவர் தாய்மாமனாகிய தாமஸ் பிக் என்னும் ரணவைத்தியர். சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில், அறநிதியால் உண்டியும் கல்வியும் பெறும் மாணவருள் ஒருவராக வில்லியம் சேர்க்கப்பட்டார். பெற்றோர் இல்லாக் குறை அவருடைய கல்விக்குக் குறையாகாமற் காத்தன மாமனார் அன்பும் அப்பள்ளியின் அறமுமேயாம்.

தமது பதினைந்தாம் வயதில், 1738-ஆம் ஆண்டு, அவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த பெம்புரோக் கலாசாலையிற் சேர்ந்தார். கவிதையிலும் கட்டடக் கலையிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. கட்டடக் கலையைப் பற்றி இளமையிலேயே ஒரு நூல் எழுதி வைத்தார். ஆயினும் பிழைப்புக்குரிய தொழிலொன்று வேண்டுமன்றோ? ஆகவே 1741-ஆம் ஆண்டிலே லண்டனில் வக்கீல்களுக்குரிய மிடில் டெம்பிள் என்னும் சங்கத்திற் பெயர் பதிந்தார். சட்டத்தைக் கைக்கொள்ளப் புகுந்தபொழுது, கவிதைத் தெய்வத்திடம் விடைபெறுவதாக அவர் ஒரு பாட்டு இயற்றினார் என்பது அவர் மனநிலையை விளக்கும்.

அக்காலத்துச் சட்டக் கல்வி

அந்நாளில் இங்கிலாந்தில் சட்டம் கற்றது எங்ஙனம் என்பதை ஈண்டு அறிதல் வேண்டும். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சட்டமென்று கற்பிக்கப்பட்டது பண்டை உரோமாபுரியின் சட்டமே. ஆங்கில நாட்டு நீதிமன்றங்களில் நாடோறும் வழங்கிய சட்டம் அன்று. வக்கீலாக விரும்பியவன் லண்டன் சங்கத்திலே குறித்த காலம் விருந்துண்டு, நீதிமன்றத்தின் ஒரு மூலையிலிருந்து வழக்குகளைக் கேட்டு, பழைய தீர்ப்புத் தொகுதிகளைத் தானே புரட்டி, தட்டுத்தடுமாறி வழிகண்டு செல்லவேண்டும். அத்தொகுதிகளுட் பல பழைய பிரெஞ்சு கலந்த ஒரு விகார மொழியிலும், லத்தீனிலும் அமைந்தவை. வரிசைப்படக் கற்பிக்கும் ஆசிரியரும் இல்லை. முழுமையும் ஒருங்கே காட்டும் தெளிந்த நூலும் இல்லை. தொழில் செய்வோர்க்கே இந்நிலையாயின், ஏனைக் குடிமக்களின் அறியாமையைக் கூறவும் வேண்டுமோ?

இவ்விருளிலே தட்டுத்தடுமாறித் தேர்ந்து, பிளாக்ஸ்டன் 1746-ஆம் ஆண்டிலே வக்கீலாயினர். ஏழாண்டுகள் நீதிமன்றத்திற் காத்திருந்தும் கட்சிக்காரர் மிகச் சிலரே அவரை நாடினர். குரல் மெலிந்தது, பேச்சு தங்குதடையின்றி வருவதன்று, எவரையும் முகமன் கூறி வயப்படுத்தும் ஆற்றலும் அவரிடம் இல்லை. ஆக்ஸ்போர்டிலோ அவர்க்கு நன்மதிப்பு இருந்தது. ஆல் சோல்ஸ் என்னும் கலாசாலையின் உறுப்பினராகி, அதன் பொருட்காப்பாளராய் அமர்ந்து, சீர்கெட்டுக் கிடந்த கணக்குகளை ஒழுங்குபடுத்தினார்; முடிவுறாதிருந்த அதன் புத்தகசாலைக் கட்டடத்தை முடிப்பித்தார்.

1753-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் உரோமச் சட்டப் பேராசிரியர் பதவி காலியாயிற்று. பின்னாளில் மான்ஸ்பீல்டு பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் மரே அவர் பெயரைப் பரிந்துரைத்தார். அப்பதவியை அளிக்கும் அதிகாரம் வாய்ந்த நியூகாஸில் பிரபு, தமது அரசியற் கட்சிக்குத் துணைபுரிவாரோ என ஆராய்ந்து, பிளாக்ஸ்டனிடம் உறுதியான விடை கிடையாமையால், பதவியை வேறொருவர்க்கு நல்கினார் என்பர். தொழிலும் கைகூடவில்லை, பதவியும் கைநழுவிற்று. மற்றொருவராயின் மனமொடிந்து அடங்கியிருப்பர்.

சர்வகலாசாலையிற் சட்டம் புகுந்தது

பிளாக்ஸ்டன் அடங்கவில்லை. அரசாங்கத்தார் பதவி அளியாவிடினும், கற்பிப்பதைத் தடுப்பார் எவர் எனத் துணிந்து, அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே ஆங்கில நாட்டுச் சட்டத்தைப் பற்றித் தாமே தனிமுறையிற் சொற்பொழிவுகள் நிகழ்த்தத் தொடங்கினார். மாணவர் கட்டணம் செலுத்தி வந்து கேட்டனர். நீதிமன்றத்தில் வலியிழந்து ஒலித்த அக்குரல், வகுப்பறையிலே எழுதி வைத்த தெளிந்த உரையைப் படித்தபொழுது மதிப்புற்று விளங்கிற்று.

இக்கல்வி வக்கீலாவார்க்கு மாத்திரம் உரியதன்று என்பதே அவர் கொண்ட கொள்கையாகும். அவர்முன் அமர்ந்த இளைஞரிற் பலர் நிலக்கிழார் மக்கள். அவர் நாளை மாஜிஸ்டிரேட்டுகளாய் அமர்ந்து ஏழைகளைச் சிறைக்கு அனுப்புவர். ஜூரிகளாய் அமர்ந்து ஒருவன் உயிரைத் தம் சொல்லில் நிறுத்துவர். பார்லிமெண்டிற் புகுந்து புதுச் சட்டம் இயற்றுவர். இம்மூன்று வேலையும் செய்வோன் சட்டத்தை அறியாதிருத்தல் கண்ணில்லாதான் தேரோட்டுதல் போலுமாதலின், அவனுக்கு இளமையிலேயே சர்வகலாசாலை சட்டத்தை உணர்த்துதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

இந்நிலையில் ஒரு நற்செயல் நிகழ்ந்தது. சார்லஸ் வைனர் என்னும் முதியவர் தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுச் சட்டச் சுருக்கமொன்றை 23 தொகுதிகளாக வெளியிட்டிருந்தார். 1756-ஆம் ஆண்டில் அவர் இறந்தபொழுது, ஆங்கிலச் சட்டம் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரை ஆக்ஸ்போர்டில் நிறுவுமாறு தமது செல்வத்தை எழுதிவைத்தார். அப்பீடத்தின் முதற் பேராசிரியராக 1758-ஆம் ஆண்டிலே பிளாக்ஸ்டன் தேர்ந்தெடுக்கப்பெற்று, அக்டோபர் மாதம் 25-ஆம் நாள் முதற் பேருரை நிகழ்த்தினார். ஒருவர் தேடிய பொருளும், மற்றொருவர் தேடிய அறிவும் கூடியவழி ஒரு நாட்டின் கல்வியே மாறிற்று. கல்விக்கென ஈயப்படும் பொருள் எத்துணை நெடுங்காலம் பயன்தரும் என்பதற்கு இஃதொரு சான்று.

மாணவர் எழுதிக்கொண்ட பிரதிகள் பிழை மலிந்து ஊரெங்கும் உலவினமையால், பிளாக்ஸ்டன் தாமே அவற்றைத் திருத்தி நூலாக வெளியிடத் துணிந்தார். இங்கிலாந்தின் சட்டங்களுக்கு விளக்கவுரை என்னும் அந்நூல் 1765 முதல் 1769 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. முதலது மக்களின் உரிமைகளையும், இரண்டாவது பொருள்களின் உரிமைகளையும், மூன்றாவது தனியார்க்கு இழைக்கும் தீங்குகளையும், நான்காவது குற்றங்களையும் அவற்றை விசாரித்துத் தண்டிக்கும் முறையையும் கூறும்.

நான்காம் பாகத்தின் சிறப்பு

இந்நான்காம் பாகமே நாம் ஊன்றி நோக்கற்பாலது. அதிலே குற்றம் இன்னதென்பது மாத்திரமன்றி, குற்றஞ்சாட்டப்பட்டவன் ஒவ்வொரு படியாக எவ்வழிச் செல்வான் என்பதும் வரிசையாக விளக்கப்பட்டுள்ளது. பிடித்தல், மாஜிஸ்டிரேட்டு முன் நிறுத்தல், ஜாமீனில் விடுதல், குற்றப்பத்திரம், குற்றவாளியின் மறுமொழி, பன்னிரண்டு ஜூரிகளின் முன் விசாரணை, தீர்ப்பு, மன்னிப்பு, தண்டனை நிறைவேற்றம் என அவ்வரிசை அமையும்.

விசாரணை முறை எதற்கு என்று வினவுவார் உளர். நம் சிலப்பதிகாரக் கதையை அவர் எண்ணுக. பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். அவன் நாட்டில் களவுக்குத் தண்டனையும் இருந்தது. பொற்கொல்லன் சொல்லொன்றையே நம்பி, கோவலனை வினவாமலும் சிலம்பை உடைத்துப் பாராமலும் ஆணையிட்டமையே கேடாய் முடிந்தது. அங்கே குறைந்தது சட்டமன்று, விசாரணை முறையாம். பிளாக்ஸ்டன் இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். குற்றவாளிகள் பதின்மர் தப்பிப் போதலினும் குற்றமற்றவன் ஒருவன் துன்புறுதல் பெருந்தீங்கு என அவர் எழுதிய கொள்கை, இன்று உலகமெங்கும் நீதிமன்றங்களில் எடுத்தோதப்படுகின்றது. விசாரணைக்கு முன் ஒருவனைச் சிறையில் வைத்தல் அவன் ஓடிப்போகாமற் காத்தற்கேயன்றித் தண்டித்தற்கன்று. ஆதலின் அவனை அன்போடு நடத்துதல் வேண்டும் என்பதும் அவர் கூறிய நெறியாம்.

அக்காலத்துச் சட்டத்தின் கொடுமையையும் அவர் மறைத்திலர். மரண தண்டனைக்குரியவை எனப் பார்லிமெண்டு விதித்த குற்றங்களை எண்ணி, அவை 160 எனக் காட்டினார். அவர் பிறந்த 1723-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட கறுப்புச் சட்டம் என்னும் ஒன்று, பிறர் தோட்டத்து மரத்தை வெட்டுதலையும் மீன்குளத்தின் கரையை உடைத்தலையும் தூக்குக்குரிய குற்றங்களாக்கியிருந்தது. கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளை மறைவாகத் திருடியவனுக்கும் தூக்கே. இதனால் நேர்ந்தது யாது? திருட்டுக் கொடுத்தவர் இரங்கிப் புகார் செய்யாது விட்டனர். ஜூரிகள் மனமறிந்து பொருளின் விலையைக் குறைத்துரைத்தனர். அதனாற் குற்றவாளிக்கு அச்சமும் ஒழிந்தது. தண்டனையின் கடுமையைக் காட்டிலும் அது தப்பாது வரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று, இத்தாலி தேசத்துப் பெக்காரியாவின் கருத்தைத் தழுவி அவர் எழுதினார். களவு முதலிய பெருங்குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வக்கீல் நின்று ஜூரிகளிடம் வாதித்தற்கு அந்நாளில் இடமில்லை. சிறு வழக்கிற்கு வக்கீலை அனுமதித்து, உயிர்போகும் வழக்கிற்கு அனுமதியாமை அறத்திற்கு ஒவ்வாது என்றும் அவர் சுட்டினார்.

குறையும் நிறையும்

பெரியோர் சரித்திரம் எழுதுவோர் குணமே கூறிக் குற்றத்தை மறைத்தல் முறையன்று. பிளாக்ஸ்டன் தம் நாட்டுச் சட்டத்தின்மேற் பெருங்காதல் கொண்டு, இருப்பதெல்லாம் பெரிதும் நன்றெனக் கூறும் இயல்பினர். மணமான பெண்ணின் உரிமை கணவனுடைய உரிமையுள் அடங்கிவிடும் என்ற பழைய விதியை அவர் விளக்கினாரேயன்றி, அதன் கொடுமையைக் கண்டிக்கவில்லை. அவ்விதி பெண்மக்களை நெடுங்காலம் துன்புறுத்திற்று.

1769-ஆம் ஆண்டில், வில்க்ஸ் என்பவரைப் பார்லிமெண்டினின்றும் விலக்கி, மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியற்றவரென்று விதித்த வழக்கிலே, பிளாக்ஸ்டன் அரசாங்கத்தார் பக்கம் நின்று பேசினார். எதிர்த்தரப்பார் அவருடைய நூலையே எடுத்து, அதிற் கூறிய தகுதியின்மைகளுள் இஃது இல்லையே எனக் காட்டினர். அவர் மறுமொழி கூறமாட்டாது நாணினார். பின்னைப் பதிப்பில் அவ்விடத்தைத் திருத்தி எழுதினார். எல்லாரும் படிக்குமாறு சட்டத்தை எழுதிவிட்டால், எழுதினவரையும் அது கட்டுப்படுத்தும். இதனால் அவர் புகழுக்கு இழுக்கு நேர்ந்ததாயினும், அவர் நூலின் பெருமை மிகுந்ததென்றே கொள்ளல் வேண்டும்.

அவர் வகுப்பிலிருந்து கேட்ட மாணவருள் ஒருவர் ஜெரிமி பெந்தாம். 1763-ஆம் ஆண்டிலே சிறுவராய் அச்சொற்பொழிவுகளைக் கேட்டு, அப்பொழுதே ஐயங்கொண்டு, 1776-ஆம் ஆண்டில் ஆசிரியர் நூலைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் வெளியிட்டார். சட்டம் இவ்வாறுள்ளது என்பதை விளக்குதல் வேறு, எவ்வாறிருத்தல் வேண்டும் என ஆராய்தல் வேறு என்பதும், சிதறிக்கிடக்கும் சட்டத்தை ஒழுங்கான தொகுப்பாக இயற்றிவிடவேண்டும் என்பதும் பெந்தாமின் கொள்கைகள். ஆசிரியரை மறுத்த மாணாக்கரும் அவ்வாசிரியர் திறந்த கதவின் வழியே உள்ளே புகுந்தவர் என்பதை மறத்தலாகாது.

நீதிபதி நிலையும் இறுதியும்

1770-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் சொலிசிடர் ஜெனரல் பதவியை வேண்டாவென மறுத்து, பிளாக்ஸ்டன் நீதிபதி பதவியை ஏற்றார். சர் என்னும் பட்டமும் பெற்றார். அமெரிக்காவிற் போர் மூண்டமையால் அங்குக் குற்றவாளிகளை நாடுகடத்தும் வழக்கம் நின்றது. அப்பொழுது சிறைச்சாலைகளின் சீர்கேட்டை நேரிற் கண்டு வெளியிட்ட ஜான் ஹவார்டு என்பவரோடும், வில்லியம் ஈடன் என்பவரோடும் கூடி, குற்றவாளியை வேலை பயிற்றித் திருத்தும் சிறைகளை அமைத்தற்குரிய 1779-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர் துணைபுரிந்தார். அச்சட்டப்படி சிறைகள் கட்டப்படவில்லையாயினும், சிறை என்பது திருத்துமிடமாதல் வேண்டும் என்னும் கருத்து அதனால் வேரூன்றிற்று. 1780-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 14-ஆம் நாள், தமது ஐம்பத்தாறாம் வயதில் அவர் காலமானார். வாலிங்போர்டு என்னும் ஊரிலுள்ள கோயிலில் அவர் உடல் அடக்கஞ்செய்யப்பெற்றது.

அவர் சுட்டிய குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீங்கின. கறுப்புச் சட்டத்தின் பெரும்பகுதி 1823-ஆம் ஆண்டில் ஒழிந்தது. பெருங்குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் வாதிக்கும் உரிமை 1836-ஆம் ஆண்டிற் கிடைத்தது. 1965-ஆம் ஆண்டில் கொலைக் குற்றத்திற்கும் மரண தண்டனை இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவிலே அவர் நூல் 1771, 1772-ஆம் ஆண்டுகளிற் பிலடெல்பியா நகரில் அச்சாயிற்று. கலாசாலை காணாத ஏழை இளைஞர் பலர் அந்நூலையே ஆசிரியனாகக் கொண்டு வக்கீலாயினர். பின்னர் ஜனாதிபதியாகிய ஆபிரகாம் லிங்கன் அவருள் ஒருவர்.

நம் நாட்டிற்கு வந்த வழி

இச்சரித்திரம் கடல்கடந்த நாட்டாருக்கே உரியதென்று கருதற்க. சென்னை நகரத்தில் 1801-ஆம் ஆண்டு தொடங்கிய சுப்ரீம் கோர்ட்டிலே வழங்கியது பிளாக்ஸ்டன் விளக்கிய ஆங்கிலக் குற்றச் சட்டமே. பின்னர் 1834-ஆம் ஆண்டிலே இந்தியாவிற்கு வந்த மெக்காலே, பெந்தாமின் கொள்கைகளைப் பெரிதும் தழுவி, 1837-ஆம் ஆண்டில் ஒரு தண்டனைச் சட்ட நகலை இயற்றுவித்தார். அதுவே திருத்தப்பெற்று 1860-ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டமாகி, 1862-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குற்ற விசாரணை முறைக்குத் தனிச்சட்டம் 1861-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஆசிரியர் தெளிவாக விளக்கியதும், மாணாக்கர் தொகுத்தல் வேண்டுமெனக் கிளர்ந்ததும் ஆகிய இரண்டு நீரோட்டங்களும் இங்கே வந்து கலந்தன எனலாம். 1857-ஆம் ஆண்டிற் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்றபின், நம் நாட்டிலும் சட்டம் பட்டத்திற்குரிய கல்வியாயிற்று. பழைய சட்டங்களின் இடத்தில், 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பாரதீய நியாய சம்ஹிதை முதலிய மூன்று புதுச் சட்டங்கள் 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி வழங்கி வருகின்றன.

முடிவுரை

அன்பர்காள்! பிளாக்ஸ்டனுடைய வாழ்விலே நாம் கொள்ளற்பாலன இரண்டு. தாய்தந்தையரை இழந்த சிறுவனுக்கு ஒரு மாமனும் ஒரு பள்ளியும் கைகொடுத்தமையால் ஒரு நாட்டின் சட்டக் கல்வியே பிறந்தது. நம்மிடையேயும் அத்தகைய சிறுவர் இருப்பர். அவர்க்குக் கைகொடுக்கும் மாமன்மாராக நாம் இருத்தல் வேண்டும். இஃது ஒன்று.

மற்றொன்று, சட்டக் கல்வி சட்டம் பயிலும் மாணாக்கரோடு நின்றுவிடலாகாது என்பது. நம் பிள்ளைகள் வக்கீலாகலாம், ஆகாதும் போகலாம். ஆயினும், பிடிக்கப்பட்டவனுக்குப் பிடித்த காரணத்தை அறிவித்தல் வேண்டும் என்பதும், அவன் தான் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையுடையவன் என்பதும், வழிச்செலவுக் காலம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்டிரேட்டு முன் நிறுத்தல் வேண்டும் என்பதும், நம் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு பொதுவாக விதித்தவை. இவற்றை ஒவ்வொரு வீட்டிலும் ஆடவரும் பெண்டிரும் அறிந்திருத்தல் வேண்டும். உரிமை ஏட்டிலே இருந்தும் அறியாதவனுக்கு அஃது இல்லாததற்கு ஒப்பாகும். சட்டத்தை மறைபொருளாக வைத்திருந்த காலத்தில், அதனை வகுப்பறைக்குக் கொணர்ந்து வெளிச்சத்தில் வைத்தார் பிளாக்ஸ்டன். அவ்வெளிச்சத்தை வகுப்பறையினின்றும் நம் இல்லங்களுக்குக் கொணர்தல் நமது கடமையாகும்.